டிசிசி மாடல் ரயில் பாதி வழியில நிக்குதா? கரண்டு எங்க கொறையுதுன்னு கண்டுபிடிக்கலாம் வாங்க

குளச்சல் பக்கம் எங்க வீட்டு மாடி ரூம்ல ஒரு எச்ஓ லேஅவுட் (எச்ஓ சைஸ் மாடல் ரயில் ஓடுற தண்டவாள அமைப்பு) இருக்கு, நாகர்கோவில் ஜங்ஷன்ல கிளம்பி ஆரல்வாய்மொழி வழியா சுத்தி வர்ற மாதிரி, காத்தாடி கூட நாலு நட்டு வச்சிருக்கேன். போன ஐப்பசி மழையோட வண்டி சரியா ஆரல்வாய்மொழி வளைவுல வந்து நின்னுட்டு, கையால தள்ளினா ரெண்டு அடி ஓடும், மறுபடி நிக்கும். எஞ்சின்லதான் கோளாறுன்னு ரெண்டு வாரம் டிகோடரை, அதாவது எஞ்சினுக்குள்ள இருந்து கட்டளையை வாங்குற சின்ன போர்டை, மாத்தி மாத்திப் பாத்தேன், எஞ்சின்ல ஒண்ணுமே இல்ல, தண்டவாளத்துக்குப் போற பவர்லதான் பிரச்சனை. புதுசா டிசிசி (டிஜிட்டல் கட்டளையால மாடல் ரயில் ஓட்டுற முறை) தொடங்குறவங்களுக்கு அந்த ரெண்டு வாரம் வீணாகக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

ஒண்ணு முதல்ல புரிஞ்சுக்கிடணும் மக்களே. டிசிசில பவரும் கட்டளையும் ஒரே ரெண்டு தண்டவாளம் வழியாத்தான் போகுது, பிளஸ் மைனஸ் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறிக்கிட்டே இருக்கும். நம்ம சாதா மல்டிமீட்டர் வீட்டுக் கரண்டோட 50 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது, அதனால ஏசில வச்சு அளந்தா வர்ற நம்பர் அப்படியே உண்மை இல்ல. ஆனா ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாக்க அது தாராளமா போதும்.

படி 1: சுவர்ல இருந்து தொடங்குங்க. சாயங்காலம் வோல்டேஜ் கொறையுற ஊர்கள்ல இருக்கீங்கன்னா கனமான டிரான்ஸ்பார்மர் அடாப்டரைக் கவனிங்க, 230 இருக்க வேண்டிய இடத்துல 190 வந்தா 15 வோல்ட் தர்றது 12 சொச்சமா இறங்கிடும். லேசான எஸ்எம்பிஎஸ் அடாப்டர்ல 100ல இருந்து 240 வரைன்னு போட்டிருந்தா இந்தக் கவலை இல்ல. அடாப்டரைத் திறக்காண்டாம், உள்ள வீட்டுக் கரண்டு இருக்கு.

படி 2: பூஸ்டர்ல, அதாவது தண்டவாளத்துக்குப் பவர் கொடுக்குற கருவியில இருந்து போற ரெண்டு வயரையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. பூஸ்டர் லைட் நல்லா எரியுது, வயரை மாட்டினா மட்டும் கட் ஆகுதுன்னா தண்டவாளத்துல எங்கயோ ஷார்ட். எல்லா எஞ்சினையும் பெட்டியையும் எடுத்துட்டுப் பாருங்க, மறந்து வச்ச ஸ்க்ரூ டிரைவர், குண்டூசி, கிறிஸ்துமஸ் குடிலைச் சுத்தி ஓட்டுறவங்களுக்கு ஜிகினாத் துண்டு, இதுல ஏதாவது ஒண்ணு ரெண்டு தண்டவாளத்தையும் தொட்டுக்கிட்டுக் கிடக்கும். வண்டி ஒரு வட்டம் போட்டு வந்த வழியே திரும்புற லூப் இருந்தா அந்தத் துண்டுக்குத் பிளஸ் மைனஸைத் தானா மாத்துற ஆட்டோ ரிவர்சர் தனியா வேணும், இல்லேன்னா எத்தனை தடவை பண்ணினாலும் ஷார்ட்தான்.

படி 3 தான் முக்கியம். எஞ்சின் இல்லாம வெறும் தண்டவாளத்துல அளந்தா எல்லா இடத்துலயும் 14, 15னு அழகா காட்டும், அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். லோடு கொடுத்து அளக்கணும். ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கார் இண்டிகேட்டருக்குப் போடுற 12 வோல்ட் 21 வாட் பல்பு வாங்கி ரெண்டு வயரை ஈயத்தால பத்தவச்சு தண்டவாளத்துல வைங்க, சுமார் ரெண்டு ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த பல்பு முதல்ல ரொம்ப கூடுதலா இழுக்கும்ங்கதால சின்ன பூஸ்டர் கட் ஆகலாம், அப்ப 10 வாட் போடுங்க. பல்பைக் கையில பிடிக்காண்டாம், சுடும்.

எனக்கு பூஸ்டர் பக்கத்துல 14.2 காட்டுச்சு, ஆரல்வாய்மொழி வளைவுல 9.8. பல்பே அங்க மங்கலா மஞ்சளா எரிஞ்சுது. தண்டவாளத் துண்டுகளைச் சேக்குற ஜாயினரை இழுத்துப் பாத்தா உள்பக்கம் பூராவும் பச்சைக் களிம்பு, உப்புக்காத்து வீசுற ஊர்ல மழைக்காலம் இதைத்தான் செய்யும்.

படி 4: மல்டிமீட்டரை ஓரமா வச்சுட்டு ஒரு ரூபா நாணயத்தை ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க வைங்க, பூஸ்டர் அந்த நொடியே கட் ஆகணும். ஆகலேன்னா உடனே எடுத்துருங்க, அந்த இடத்துக்கு வயரிங் போதாதுன்னு அர்த்தம். நிஜமா ஒரு எஞ்சின் தடம்புரண்டா பூஸ்டர் கட் ஆகாம ஆம்பியர் முழுக்க சக்கரம் வழியா ஓடி பெட்டியை உருக்கிடும். லேஅவுட் முழுக்க அடிக்கு அடி இதைப் பண்ணிப் பாருங்க, சோம்பல் படாதீங்க.

படி 5: ஜாயினரை நம்பி கரண்டு கடத்தக்கூடாது, அது தண்டவாளத்தை நேரா நிறுத்த மட்டும்தான். பலகைக்கு அடியில வீட்டு வயரிங்குக்குப் போடுற 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பு கருப்புன்னு ரெண்டு ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெலிசா, குட்டையா ஒரு வயரை வெளிப்பக்கம் பத்தவச்சு இறக்குங்க. சிவப்பு சிவப்போட, கருப்பு கருப்போட, ஒண்ணு மாறினாலும் ஷார்ட்.

தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியால துடைங்க, உப்புத்தாள் வேண்டாம், அது போடுற கீறல்லதான் அழுக்கு தங்கும். எஞ்சின் சக்கரத்தையும் அப்படியே.

வயர் இறக்கினப்புறம் அதே பல்பை அதே வளைவுல வச்சேன், 13.9. அன்னைக்கு ராத்திரி பத்து பெட்டியோட நாப்பது சுத்து, ஒரு தடவை கூட நிக்கல.