தொழிலாளர் விடுதியைச் சட்ட அளவுக்குக் கொண்டுவந்த என் அனுபவம்

எங்கள் நிறுவனத்தின் புலம்பெயர் தொழிலாளர் விடுதியில் இடநெருக்கடி இருப்பதாக ஆய்வாளர் அறிவிக்கை அனுப்பியதும், அதைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. சட்டத்தோடு, சர்வதேச நிதிக் கழகமும் ஐரோப்பிய மறுசீரமைப்பு மேம்பாட்டு வங்கியும் 2009இல் வெளியிட்ட தொழிலாளர் தங்குமிட வழிகாட்டியையும் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஆளுக்கு 4 முதல் 5.5 சதுர மீட்டர், கட்டில்களுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி என்கிறது அது. கட்டட வரைபடத்தை நம்பாமல் (அதில் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும்), அலமாரிகள் அடைத்த இடத்தைக் கழித்துத் தரையை அளந்தபோது, மூன்றடுக்குக் கட்டில்கள் இருக்கும்வரை எந்தக் கணக்கும் தேறாது என்பது தெளிவாயிற்று. அவற்றை அகற்றி, இரவுப் பணியாளரும் பகல் பணியாளரும் ஒரே கட்டிலைப் பகிர்வதையும் நிறுத்தி, மீதமிருந்தவர்களுக்கு வேறு கட்டடம் வாடகைக்கு எடுத்தோம். நிர்வாகம் முணுமுணுத்தது. கழிவறைகளை 15 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் கூட்டிய பிறகு, மறுஆய்வில் அறிவிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.