ஐரோப்பாவில் ஊர் ஊராக நண்பர்கள் வீட்டில் தங்கிப் பயணம் போவது எப்படி?

கூடப் படித்தவர்களில் ஒருவர் பாரிசில், ஒருவர் ஆம்ஸ்டர்டாமில், இன்னொருவர் பெர்லினில் என்று இருக்கும் காலம் இது. ஒரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஐந்தாறு வாரம் கிளம்பி எல்லோரையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, மிலான் என்று ஒரு வழியை வைத்துக்கொள்வோம். எல்லாம் ரயிலில் போகக்கூடிய ஊர்கள். இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும்.

படி 1: முதலில் நண்பர்களின் நாட்களைக் கேளுங்கள்

பலரும் மேப்பைப் பார்த்து வழியை முடிவுசெய்து, விமான டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் நண்பரிடம் "வர்றேன்" என்று சொல்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்களுக்கு அது விடுமுறை, அவருக்கோ வேலை நாள். அவருக்கு ஓய்வு இருக்கும் நாளில் போய்ச் சேர்ந்தால்தான் உட்கார்ந்து பேச முடியும். இல்லாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஊர் சுற்ற வேண்டியதுதான்.

ஜெர்மனியில் முதுகலை படிக்கும் நண்பர் என்றால் பிப்ரவரியும் ஜூலையும் வேண்டாம், பெரும்பாலும் தேர்வு நேரம். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களும் மிலான்காரர்களும் பாதிப்பேர் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள், உங்கள் நண்பரும் அதில் இருக்கலாம். ஏப்ரல் 27 நெதர்லாந்தில் மன்னர் தினம். கொண்டாட்டம் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஆம்ஸ்டர்டாமில் ஹாஸ்டல் (பயணிகள் தங்கும் மலிவு விடுதி) விலை எகிறிவிடும்.

என்னைக் கேட்டால் மே மாதம்தான் சரி. அதில் விடுமுறைகள் நிறைய. 2026இல் மே 14 வியாழக்கிழமை இயேசு விண்ணேற்ற நாள். பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா எல்லா இடத்திலும் விடுமுறை. வெள்ளிக்கிழமையும் லீவு போட்டு நான்கு நாளாக ஆக்கிக்கொள்வது அங்கே சகஜம். நண்பருக்கு இப்படி அனுப்பலாம்:

"மச்சி, மே 13 புதன் சாயங்காலம் பெர்லின் வர்றேன், 16 சனி காலைல கிளம்பிடுவேன். மூணு ராத்திரி உன் வீட்டுல தங்கலாமா? இடம் பத்தாது, ஹவுஸ்மேட்டுக்குப் பிடிக்காதுன்னா சங்கடப்படாம சொல்லு, பக்கத்துல ஹாஸ்டல் போட்டுக்கறேன். எப்படி இருந்தாலும் வியாழக்கிழமை முழுக்க உன்கூடத்தான்."

வரும் நாளும் போகும் நாளும் தெளிவாக இருக்கின்றன, மறுக்க ஒரு வழியும் இருக்கிறது. அந்த வழி முக்கியம். பாரிசில் 9 சதுர மீட்டர் அறையைக்கூடச் சட்டப்படி வாடகைக்கு விடலாம். லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடியில் அப்படி ஓர் அறையில் இருக்கும் நண்பர், "வராதே" என்று சொல்ல மனசு வராமல் தவிப்பார். மாணவர் விடுதிகளில் விருந்தாளி தங்குவதற்கு விதிமுறைகள் இருக்கும், அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

படி 2: மூன்று இரவு நண்பர் வீடு, அப்புறம் ஹாஸ்டல்

எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மூன்று இரவுக்கு மேல் தங்காதீர்கள். அடுத்த நண்பர் வீட்டுக்கும் நேராகப் போகாதீர்கள். நடுவில் ஓர் ஊரில் ஓரிரு இரவு ஹாஸ்டலில் தங்குங்கள். துணி துவைக்க, நன்றாகத் தூங்க, யாரோடும் பேசாமல் இருக்க அந்த நாள் உதவும். தொடர்ந்து ஆறு வீடுகளில் விருந்தாளியாக இருந்தால் நான்காவது வீட்டுக்குப் போகும்போது பேச்சே வராது, அந்த நண்பருக்குக் களைத்துப்போன ஆள்தான் கிடைப்பார்.

நம் வழியில் இது சுலபம். பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நடுவில் பிரஸ்ஸல்ஸ். பெர்லினிலிருந்து பிராக் போகும் ரயில் டிரெஸ்டனில் நிற்கும். பிராக்குக்கும் வியன்னாவுக்கும் நடுவில் பிர்னோ. வியன்னாவிலிருந்து மிலான் போகும் வழியில் வெனிஸ். அங்கே தீவுக்குள் தங்காமல் பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்கினால் செலவு குறையும்.

படி 3: விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கால அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். முதலில் இறங்கும் நாடு அல்ல, அதிக நாள் தங்கும் நாடு. பெர்லினும் டிரெஸ்டனும் சேர்ந்து ஜெர்மனியில்தான் அதிக நாள் என்றால், பாரிசில் இறங்கினாலும் ஜெர்மனியிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும். லண்டன் நண்பரையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும், ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும்.

நண்பர் வீட்டில் தங்குவதற்கு அத்தாட்சி கேட்பார்கள். பிரான்சில் வெறும் கடிதம் போதாது. நண்பர் தன் பகுதி நகராட்சியில் விண்ணப்பித்து, 30 யூரோ கட்டி, 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வேலை உண்டு. இத்தாலியில் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். செக் குடியரசில் நண்பர் வீட்டில் தங்கினால் 3 வேலை நாட்களுக்குள் வெளிநாட்டவர் காவல் பிரிவில் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். நண்பருக்கே இது தெரியாமல் இருக்கலாம், நீங்களே நினைவூட்டுங்கள்.

படி 4: டிக்கெட்

ஐரோப்பாவில் வசிப்பவர்கள் வாங்கும் ரயில் பாஸ் இன்டர்ரெயில், நமக்கு யூரெயில். நண்பர் சொன்னார் என்று பெயர் மாற்றி வாங்கிவிடாதீர்கள். தேதிகள் உறுதியாகிவிட்டன, பயணமும் ஐந்தாறுதான் என்றால் பாஸைவிடத் தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பது பெரும்பாலும் மலிவு. பெர்லின்–பிராக், பிராக்–வியன்னா டிக்கெட்டுகளுக்குச் செக் ரயில்வே தளத்திலும் விலை பாருங்கள், அடிக்கடி அங்கே குறைவாகக் கிடைக்கும். பாஸ் வாங்கினாலும் பிரான்சின் அதிவேக டிஜிவி ரயில்களுக்கு இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

மலிவு விமானம் பிடிப்பதானால் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'பாரிஸ் போவே' பாரிசிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தள்ளி. நள்ளிரவில் அங்கே இறங்கிவிட்டு நண்பரை எழுப்பாதீர்கள்.

படி 5: பை

40 லிட்டர் பை போதும். அதில் கொஞ்சம் இடத்தை நண்பர்களுக்கு ஒதுக்குங்கள். ஆசையாக நெய், பால்கோவா கொண்டுபோக முடியாது. பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று வேண்டும் என்பதால் அவையும் வேண்டாம். இட்லிப் பொடி, அப்பளம், காப்பிப் பொடி தாராளமாகப் போகட்டும். பொடியை இரண்டு உறையில் கட்டுங்கள்.

படி 6: வீட்டுக்குள்

கதவிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பல வீட்டுக் கதவுகளுக்கு வெளியே திருகும் கைப்பிடி இருக்காது. பின்னால் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். குப்பை போட ஒரு நிமிடம் போனாலும் சாவி பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஹாஸ்டலில் தங்காமல் மிச்சம் பிடித்த காசெல்லாம் போய்விடும். சாவியைத் தொலைப்பது அதைவிட மோசம். கட்டடத்துக்கே பொதுவான பூட்டு அமைப்பு என்றால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு நண்பர் தலையில் விழலாம். தூங்கும்போதும் சாவி இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

அடுத்தது குளியலறை. குளிக்கும் தொட்டிக்கு வெளியே தரையில் பெரும்பாலும் நீர் போக வழி கிடையாது. திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக்கொண்டு குளியுங்கள். தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிவிடும். கழிவறையில் கைக்குழாய் இருக்காது, ஒரு காலிப் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் மட்டும் நிம்மதி. 1975இலிருந்து அங்கே வீடுகளில் பிடே (கழிவறைக்குப் போன பின் கழுவிக்கொள்ளும் குழாய் வைத்த தொட்டி) கட்டாயம்.

ஜெர்மனியில் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமைதி. அன்று கடைகளும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை தவிர. அதனால் சனிக்கிழமையே காய்கறி வாங்கி வையுங்கள்.

ஒரு வேளையாவது நீங்கள் சமையுங்கள். வேலை முடிந்து களைப்போடு வருகிறவருக்குச் சுடச்சுட ரசமும் அப்பளமும் தட்டில் வைத்துக் கொடுப்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், மிளகாய்ப் புகைக்குப் புகை அலாரம் அலறும். வெளியே சாப்பிடும்போது பில்லை நண்பரே கொடுக்கத் துடிப்பார். சண்டை போட வேண்டாம், மறுநாள் மளிகை முழுவதையும் நீங்கள் வாங்கிவிடுங்கள்.

படி 7: கிளம்பும் நாள்

படுக்கை விரிப்பைக் கழற்றி, துணி எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். காலி பாட்டில்களைக் குப்பையில் போடாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு, கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். சாவியைக் கையில் கொடுங்கள். நண்பர் அலுவலகம் போயிருந்தால் எங்கே வைப்பது என்று முந்தின இரவே பேசிவிடுங்கள்.

ரயில் ஏறியதும் அடுத்த ஊர் நண்பருக்கு வண்டி எண்ணையும் சேரும் நேரத்தையும் அனுப்புங்கள். ஜெர்மன் ரயில்கள் தாமதமாவது சாதாரணம். வண்டி தாமதமாகிறது என்று தெரிந்த உடனே அவருக்குச் சொன்னால்தான் நிலையத்தில் வீணாகக் காத்திருக்க மாட்டார். தாமதம் 60 நிமிடத்தைத் தொட்டால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும் 120 நிமிடத்தைத் தொட்டால் 50 சதவீதமும், கடும் வானிலை போன்ற காரணங்கள் தவிர, திரும்பக் கேட்கலாம். அதனால் டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள்.