வேலூர் வெயிலை முதலாகப் போட்டுப் பிள்ளைகளுக்கு வேலை: லீவுக்கு ஒரு செய்முறை

சத்துவாச்சாரியோ காட்பாடியோ, ஏப்ரல் கடைசியில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. நாற்பது டிகிரியைத் தாண்டுவது நம்ம ஊருக்குப் புதிதில்லை. மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள், போன் கைக்கு வரும், அதைப் பிடுங்கினால் சண்டை வரும்.

எல்லாரும் அந்த வெயிலைத் திட்டிக்கொண்டே லீவைத் தள்ளுகிறோம். காசு கொடுக்காமல் தினமும் கிடைக்கும் ஒரே பொருள் அதுதான். அதை வைத்தே ஆறிலிருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்று இதில் சொல்கிறேன்.

முதலில், மணிக்கணக்கு அட்டவணை போடாதீர்கள்

எட்டு மணிக்கு ஓவியம், ஒன்பதுக்கு கணக்கு என்று சார்ட் ஒட்டினால் அது இன்னொரு பள்ளிக்கூடம். மூன்றாவது நாளே சுவரில் அது மட்டும் இருக்கும். வெயிலைப் பார்த்து நாளைப் பிரித்தால் போதும். காலை ஒன்பது வரை மொட்டை மாடி, அதற்குமேல் நாலரை வரை வீட்டுக்குள், பொழுது சாய்ந்ததும் வெளியே. இடையில் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறார்களா, கிடக்கட்டும். அந்தச் சும்மாவில்தான் அவர்களாக எதையாவது கிளப்புவார்கள்.

நிழல் குச்சி

இதை லீவின் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், ஏனென்றால் நாளாக ஆகத்தான் இதில் சுவாரஸ்யம் கூடும்.

வேண்டியவை: ஒரு மீட்டர் நீளத்தில் நேரான குச்சி, ஒரு வாளி மணல், சாக்பீஸ், ஸ்கேல், ஒரு பழைய நோட்டு.

வாளி மணலில் குச்சியை ஊன்றுங்கள். மணல் மட்டத்துக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நின்றால் கணக்கு சுலபம். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது இதற்குத்தான் என்பது அப்போதே புரிந்துவிடும். வாளியைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள், யாராவது நகர்த்தினாலும் அதே இடத்தில் வைக்கலாம்.

காலை ஏழு, எட்டு, ஒன்பது மணிக்கு நிழலின் நுனியில் ஒரு புள்ளி, பக்கத்தில் மணி. அப்புறம் உச்சிவேளைக்கு இரண்டே நிமிடம் மேலே போய்வர வேண்டும். செருப்பு போடாமல் போனால் கால் கொப்பளித்துவிடும். தலையில் துண்டு கட்டாயம். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உச்சிவேளை என்றால் சரியாகப் பன்னிரண்டு இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. வேலூர் அதற்கு மேற்கே மூன்றேகால் பாகைக்குச் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் நமக்குச் சூரியன் பிந்தித்தான் உச்சிக்கு வரும். மே மாதத்தில் அது ஏறக்குறைய 12.10.

வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.9 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டிய நாட்களில் அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது, காலடியில் ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம் விழ ஆரம்பிக்கும்! ஒரு மீட்டர் குச்சிக்கு மே நடுவில் சுமார் 10 சென்டிமீட்டர், மே கடைசியில் 15க்கு மேல். சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டது என்பதை ஒரு எட்டு வயசுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். அதற்கு முன்னால் நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

ஜவ்வரிசி வடகம்

வடகம் போடுவது பெரியவர்கள் வேலை, பிள்ளைகள் காக்கா விரட்டுவார்கள் என்பது பழைய ஏற்பாடு. பாதி வேலையை அவர்கள் கையில் கொடுக்கலாம்.

முந்தின ராத்திரி ஒரு டம்ளர் ஜவ்வரிசியைக் கழுவி ஊறவையுங்கள். காலையில் ஐந்தாறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறினதைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மணிகள் கண்ணாடி மாதிரி ஆகும். அடுப்புப் பக்கம் நீங்கள் மட்டும்தான். பச்சை மிளகாய் அரைத்தது, சீரகம், பெருங்காயம், இறக்கிய பின் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும் வாய்க்குக் குறைவாகத் தெரிகிற அளவில் நிறுத்துங்கள். தண்ணீர் சுண்டிப்போனால் உப்பு ஏறிவிடும். ஏன் ஏறுகிறது என்று பிள்ளை கேட்டால், ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பக்கத்திலேயே வெயிலில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் தட்டே பதில் சொல்லும்.

கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். குழிக்கரண்டியால் ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தால் லேசாக ஒரு சுற்று. ரொம்பத் தேய்த்தால் வடகம் காய்ந்ததும் விரிசல் விடும். சின்னது பூ வடிவம், நிலா வடிவம் என்று போடும், தடுக்காதீர்கள். பீட்ரூட் சாறு கொஞ்சம் கலந்து கொடுத்தால் ரோஸ் கலரில் அதன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிடும். ஒன்பது மணிக்குள் எல்லாரும் கீழே வந்துவிட வேண்டும். காக்காவுக்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் போதும்.

அன்று சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மறுநாள் தாம்பாளத்தில் பரப்பிக் காயவையுங்கள். ஒடித்தால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை காய வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் தாராளம். பொரிக்கும் அன்று யார் போட்டது எது என்று பஞ்சாயத்து நடக்கும், தயாராக இருங்கள்.

உச்சி வெயிலில் ஆடுபுலி

கோயில் திண்ணைக் கல்லில் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்து அதன்மேல் வரையலாம். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து கீழே விரிந்து இறங்கும் நாலு கோடு. அவற்றின் கீழ்நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு. நடுவில் அந்த நாலு கோடுகளையும் வெட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீள்சதுரம். அதன் நடுவே குறுக்காக இன்னொரு கோடு. சந்திப்புகளை எண்ணினால் 23 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது.

புலி மூன்று, ஆடு பதினைந்து. புளியங்கொட்டை ஆடு, பாட்டில் மூடி புலி. உச்சியில் ஒரு புலி, அதற்குக் கீழே நடு இரண்டு கோடுகளின் முதல் சந்திப்பில் மற்ற இரண்டு. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஒரு ஆட்டை வைப்பார். எல்லா ஆடும் இறங்கும்வரை வைத்த ஆடு நகரக் கூடாது. புலி பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம், அல்லது நேர்கோட்டில் ஒரு ஆட்டைத் தாண்டிக் காலி இடத்தில் குதித்து அதை வெட்டலாம். மூன்று புலியும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு ஜெயம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்வதே சட்டம். ஆடு பக்கம் பெரியவர்கள் ஆடுங்கள், முதலில் புலிதான் சுலபம்.

சாயங்காலமும் ராத்திரியும்

வெயில் தணிந்ததும் ஒருநாள் கோட்டைக்குப் போங்கள். ‘1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி’ என்று பாடம் எடுத்தால் ஐஸ்கிரீம் பக்கம் ஓடிவிடுவார்கள். கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளி, குதிரை, இன்னும் என்னென்ன மிருகம் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றை மறுநாள் மத்தியானம் வீட்டில் வரைவார்கள். ஒரு மத்தியானம் கழிந்தது.

ராத்திரி கரண்ட் போனால் மாடிக்குப் போய்விடலாம். மே மாதம் ஒன்பது மணிக்கு மேல் வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும், பத்து மணி வாக்கில் தென்கிழக்கே விருச்சிகம் ஏறி வரும். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, நம்ம பக்கத்து மலைதான் என்று சொன்னால் கண் விரியும்.

கோடை மழை வந்தால்

ஏதாவது ஒரு சாயங்காலம் காற்று சுழற்றி அடித்து மழை கொட்டும். முதலில் வடகத்தை உள்ளே எடுக்க வேண்டும், அந்த ஓட்டமே ஒரு விளையாட்டுதான். இடி மின்னல் தெரிவதற்குள் எல்லாரும் கீழே இறங்கிவிடுங்கள். பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை மட்டும் மாடியின் நடுவில், சுவர் மறைக்காத இடத்தில், நாலு பக்கமும் செங்கல் வைத்து முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மழை விட்டதும் உள்ளே ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று நிழல் நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேலின் நுனியில் சுழியத்துக்கு முன் விட்டிருக்கும் இடத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் செய்தியில் வேலூருக்கு வந்த அளவோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் என்று காகிதப்பட்டறையில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, அங்கே எவ்வளவு பெய்தது என்று அவர்களே விசாரிக்கட்டும்.