பிரேக் இல்லாம ஃபிக்ஸி ஓட்டுறது எப்படி? மொதல்ல ஒரு பிரேக் மாட்டுங்க

லண்டன்ல என் ஃபிக்ஸி சைக்கிளைப் பாக்குற நம்மாளுங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "இதுல ஒரு பிரேக்தான இருக்கு, அதையும் நீ புடிக்கிற மாதிரி தெரியலயே, எப்படி நிக்குது?" அதுக்கு அடுத்த கேள்வி உடனே வரும், "அந்த ஒண்ணும் இல்லாம ஓட்டலாமா?" ஓட்டுறவங்க இருக்காங்க. நான் கத்துக்குடுக்கப் போறது அது இல்ல. பிரேக் இருக்கும், ஆனா காலாலயே வண்டிய அடக்குவீங்க, அந்த ஓட்டத்தைத்தான் சொல்லப் போறேன்.

ஊர்ல சின்னப் பசங்க ஓட்டுற மூணு சக்கர வண்டி ஞாபகம் இருக்கா? பெடல் முன் சக்கரத்துலயே இருக்கும், சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், காலை எடுத்தா முட்டியப் பதம் பாத்துரும். ஃபிக்ஸியும் அதே கதைதான், நடுவுல ஒரு செயின் இருக்கு அவ்ளோதான். ஃப்ரீவீல், அதாவது பெடல் நின்னாலும் பின் சக்கரத்தத் தனியா சுத்த விடுற அமைப்பு, இதுல கிடையாது, அதனால கால ஆட்டாம சும்மா உருண்டு போறதுங்கற பேச்சே இல்ல. பெடலைப் பின்னாடி தள்ளுனா வேகம் குறையும். ரேஸ் ட்ராக்குக்காக செஞ்ச வண்டி இது, நியூயார்க் கூரியர் பசங்க ரோட்டுக்குக் கொண்டு வந்து ஃபேஷனாக்கிட்டாங்க. அப்படி கூரியர் ஓட்டுன நெல்சன் வெயில்ஸ் 1984 ஒலிம்பிக்ஸ்ல ஸ்ப்ரின்ட்ல வெள்ளி வாங்குனாரு.

சரி, பிரேக் ஏன்? பிரிட்டன்ல 1983 விதிப்படி ஃபிக்ஸிக்கு முன் சக்கரத்துல பிரேக் இருந்தே ஆகணும், பின்னாடி பெடலே பிரேக் கணக்குல சேந்துரும். ஜெர்மனியில அதுவும் பத்தாது, தனித்தனியா ரெண்டு பிரேக் வேணும். 2016ல இங்க ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் முன் பிரேக் இல்லாத ட்ராக் சைக்கிள் மோதி ரோட்டைக் கடந்த 44 வயசுப் பொண்ணு இறந்துட்டாங்க, ஓட்டுன பையனுக்கு அப்ப 18 வயசு, 1861ல போட்ட ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அடுத்த வருஷம் 18 மாசம் உள்ள வச்சாங்க. சட்டத்த விடுங்க, கணக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம். வேகத்தைக் குறைக்கும்போது உங்க வெயிட் முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாகி ரோட்டுல பிடிமானம் போயிரும். மணிக்கு 24 கிலோமீட்டர்ல, காஞ்ச ரோட்டுல, முன் பிரேக்க ஒழுங்கா புடிச்சா ஏறக்குறைய 5 மீட்டர்ல நிக்கலாம், பின் சக்கரத்த மட்டும் நம்புனா அதுல ரெண்டு மடங்கு ஆகும், அதுவும் நல்லா பழகுன காலுக்கு. இது கை கால் வேலைய ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போற தூரம், நீங்க யோசிக்கிற ஒரு செகண்டுல ஓடுற ஆறு ஏழு மீட்டர் தனி.

வண்டியத் தயார் பண்றது

கியர்: முன் பல்சக்கரத்துல 46 பல், பின் பல்சக்கரத்துல 17. பெடல் ஒரு சுத்துக்கு 5.7 மீட்டர் மாதிரி போகும், நிமிஷத்துக்கு 90 சுத்துன்னா மணிக்கு 30 கிலோமீட்டர், புதுசா ஓட்டுறவங்களுக்கு இதுவே அதிகம், முன்னாடி 44 இருந்தா இன்னும் நல்லது. ஸ்டைலா இருக்குன்னு 48க்கு 16 போட்டவங்க ஸ்கிட் (பின் சக்கரத்தப் பூட்டி ரோட்டுல உரசிட்டே இழுக்கறது) அடிக்க ஆரம்பிச்சா டயர் ஒரே இடத்துல தேஞ்சு ஓட்டையாகும், ஏன்னா 48ஐ 16ஆல வகுத்தா மிச்சமே இல்லாம வருது, பெடல் அதே நிலைக்கு வரும்போதெல்லாம் டயர்ல அதே ஒரு இடம்தான் ரோட்டைத் தொடும். 46க்கு 17ல தேய்மானம் 17 இடத்துக்குப் பிரிஞ்சு போயிரும்.

அடுத்து லாக்ரிங், இத ரெண்டு தடவை படிங்க. பின் பல்சக்கரம் ஹப்ல (சக்கரத்தோட நடுப்பகுதி) மரை சுத்தி ஏறியிருக்கும், நீங்க பெடலைப் பின்னாடி தள்ளும்போது அது கழலப் பாக்கும், அதத் தடுக்க எதிர்மரை போட்ட ஒரு வளையம் மேல இறுக்கியிருக்கணும். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன முதல் வண்டில அது இல்ல, வித்தவர் சொல்லவும் இல்ல, எனக்குக் கேக்கவும் தெரியல. மூணாவது நாள் ஒரு சிக்னல்ல காலைப் பின்னாடி அமுக்குறேன், 'கடக்'னு ஒரு சத்தம், பெடல் வெறுமனே பின்பக்கமா சுத்துது, வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. முன்னாடி பஸ். பழக்கதோஷத்துல வலது கை பிரேக்க அமுக்குச்சு, அதனால இன்னைக்கு உக்காந்து இத எழுதுறேன். செயின் கழண்டாலும் இதே நிலைமைதான்.

செயின் நடுவுல விரலால அமுக்கிப் பாத்தா ஒரு சென்டிமீட்டர் மாதிரி ஆடணும், அதுக்கு மேல தொங்குனா பின் அச்சு நட்டைத் தளத்தி சக்கரத்த இழுத்து இறுக்குங்க. சக்கரம் சுத்தும்போது துணியோ விரலோ செயின் பக்கம் போகவே கூடாது, ஃப்ரீவீல் வண்டி மாதிரி நிக்காது, விரலையே எடுத்துரும். பெடல்ல ஷூ முனையப் புடிக்கிற டோ கிளிப்பும், அத இறுக்குற ஸ்ட்ராப்பும் வேணும், கால் நழுவிட்டா சுத்துற பெடல் மேல திருப்பி கால வைக்கிறது சர்க்கஸ். ஷூ லேஸை உள்ள சொருகுங்க, பேன்ட் கீழ மடிங்க. லேஸ் பெடல்ல சுத்திக்கிட்டு, சிக்னல்ல நின்ன இடத்துலயே மரம் மாதிரி நான் சாஞ்சதை ஒரு டாக்ஸிக்காரர் ரொம்ப ரசிச்சாரு.

முதல் ரெண்டு வாரம்

இங்க பெரிய கடைங்க ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு முன்னாடி தொறக்கக் கூடாது, அதனால அந்த கார் பார்க்கிங் காலியா கிடக்கும், அதவிட நல்ல மைதானம் கிடைக்காது.

ஸ்ட்ராப்ப லூசா வச்சு மெதுவா சுத்திச் சுத்தி வாங்க, வேற ஒண்ணும் வேணாம். அரை மணி நேரத்துல எப்பவாவது மறந்து கால நிறுத்துவீங்க, அப்ப பெடல் உங்க காலத் தூக்கி, சீட்ல இருந்து உங்களயும் ஒரு இன்ச் தூக்கிப் போடும். எல்லாருக்கும் நடக்கும், ரோட்டுல நடக்கறதுக்குள்ள இங்கயே நடந்து முடியட்டும்.

அப்புறம் வேகத்தைக் குறைக்கிறது. இத நிறையப் பேர் தப்பா புரிஞ்சுக்குறாங்க, பெடல ஒரேடியா நிறுத்தப் பாக்குறாங்க. நிறுத்தக் கூடாது, கால் சுத்திட்டே இருக்கணும், பின்பக்கமா மேல ஏறி வர்ற பெடல் இருக்குல்ல, அது மேல உங்க வெயிட்ட கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும், மாடிப்படில தயங்கித் தயங்கி இறங்குற மாதிரி. ஒரு கால் முடிஞ்சதும் அடுத்த கால். தரையில ஒரு தண்ணி பாட்டில வச்சு அதுக்கு முன்னாடி நிக்கப் பழகுங்க, முதல் நாள் பாட்டிலைத் தாண்டித்தான் நிப்பீங்க. அதே பாட்டிலுக்கு முன் பிரேக்கும் புடிச்சுப் பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அமுக்கிட்டு உடம்பப் பின்னாடி தள்ளணும், இல்லன்னா ஹேண்டில்பாரத் தாண்டிப் போயிருவீங்க.

நின்ன பிறகு பெடல் தப்பான இடத்துல இருந்தா கிளம்ப முடியாது. முன் பிரேக்கப் புடிச்சுட்டு, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு பின் சக்கரத்தத் தூக்கி, பெடல ரெண்டு மணி நிலைக்குக் கொண்டு வாங்க. பிரேக்குக்கு இப்படி ஒரு உபயோகமும் இருக்கு.

ஸ்கிட்: உடம்ப முன்னாடி கொண்டு போய், பின் சக்கரம் லேசான நேரத்துல ரெண்டு காலையும் பூட்டணும், டயர் உரசிட்டே இழுக்கும். பாக்க அழகு, நிக்க லாயக்கில்ல. பூட்டாம அமுக்குற கால்தான் சீக்கிரம் நிறுத்தும்.

ட்ராக்ஸ்டாண்ட், அதாவது கால ஊனாம சிக்னல்ல நிக்கிறது, முன் சக்கரத்த ஒரு பக்கம் திருப்பி, பெடல் ரெண்டும் சமமா வச்சு, முன்னயும் பின்னயும் ஒரு கையளவு ஆடிட்டே இருக்கணும். ஒரு மாசம் ஆகும், அவசரம் ஒண்ணும் இல்ல.

ரோட்டுக்கு வரும்போது

சனி, ஞாயிறு அதிகாலைல ரீஜன்ட்ஸ் பார்க்கோட வெளிவட்டம், மேடு பள்ளம் அதிகமில்லாத ரோடு, அங்க ஆரம்பிங்க. இறக்கம் வேணாம், ஏன்னா வேகம் 45 ஆச்சுன்னா உங்க கால் நிமிஷத்துக்கு 130 தடவைக்கு மேல சுத்தியாகணும், அந்த நிலைமைல பின்னாடி அமுக்குறது நடக்காத காரியம், முன் பிரேக்க உச்சியிலயே லேசா தொட ஆரம்பிக்கணும். திருப்பத்துல ரொம்ப சாயாதீங்க, பெடல் சுத்திட்டே இருக்கறதால தரையில இடிச்சு பின் சக்கரத்தத் தூக்கிரும். மழை பேஞ்சா பெயின்ட் கோடு, இரும்பு மூடி, அக்டோபர்ல கொட்டுற இலை எல்லாமே சோப்புதான், நான் அன்னைக்கு ட்ரெயின்லயே போயிருவேன்.

மத்தபடி கண்ண தூரத்துல வைங்க. பச்சை விழுந்து ரொம்ப நேரம் ஆன சிக்னல், பார்க் பண்ண கார்ல உள்ள ஆள், ஸ்டாப்ல இண்டிகேட்டர் போடுற பஸ், எல்லாத்துக்கும் முன்கூட்டியே கால் அமுக்க ஆரம்பிச்சிரணும். நல்ல நாள்ல வீட்டுல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு தடவைகூட பிரேக் தொடாம போயிருவேன், ஆனா ரெண்டு விரல் மட்டும் லீவர் மேலயே இருக்கும்.

நிஜமாவே பிரேக் இல்லாம ஓட்டணும்னு ஆசையா? லண்டன்ல இருக்குற ஹெர்ன் ஹில் வெலோட்ரோமுக்கு (சைக்கிள் ரேஸ் ட்ராக்) போங்க, 1891ல இருந்து இருக்கு, 1948 ஒலிம்பிக்ஸ் ட்ராக் சைக்கிள் பந்தயம் அங்கதான் நடந்துச்சு, வண்டியும் குடுத்து கத்தும் குடுக்குறாங்க. அங்க ஒருத்தருக்குமே பிரேக் கிடையாது, எல்லாரும் ஒரே பக்கமா சுத்துவாங்க, குறுக்க குழந்தையோ பஸ்ஸோ வராது. நான் போன முதல் நாள் முழுக்க என் வலது கை ரெண்டு விரல் மட்டும் இல்லாத லீவரத் தேடிட்டே இருந்துச்சு.