கப்பலா, ஊரா? முதல் க்ரூஸை மணிக்கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி

முதல் தடவை க்ரூஸ் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி, "எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" ஒரு தடவை போய்வந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. "கரையில் எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று கேட்கிறார்கள்.

நானும் முதலில் கப்பலைப் பார்த்துத்தான் புக் செய்தேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று இரவுப் பயணம். விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருந்தது. பத்து மலை, இரட்டைக் கோபுரம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாடு என்று வீட்டில் பட்டியலே தயார். கப்பல் நின்ற இடமோ நகரத்தைவிட்டுத் தள்ளியிருக்கும் போர்ட் கிளாங் துறைமுகம். இறங்கி, பஸ் பிடித்து, பத்து மலை போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். 272 படி ஏறி இறங்கியதும் திரும்பும் நேரம் வந்துவிட்டது. இரட்டைக் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டோம். முருகனைப் பார்த்தோம், மலேசியாவைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கப்பலிலேயே தங்கிவிட்டவர்களுக்கு நீச்சல் குளம் முழுக்கக் காலியாகக் கிடைத்ததாம்!

அந்த வயிற்றெரிச்சலில் கண்டுபிடித்த முறைதான் கீழே இருப்பது. ஒரு பேனா, ஒரு தாள் போதும்.

படி 1: பயண அட்டவணையை எடுங்கள்

சறுக்குமரமும் ஷாம்பெயினும் காட்டும் பக்கத்தை மூடிவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது 'இட்டினரரி' என்று போட்டிருக்கும் அட்டவணை. ஒவ்வொரு நாளும் எந்தத் துறைமுகம், எப்போது சேரும், எப்போது கிளம்பும் என்று அதில் இருக்கும். 'அட் ஸீ' என்றால் அன்று முழுக்கக் கடல்தான்.

அந்த நேரங்கள் கப்பலுக்கானவை, உங்களுக்கானவை அல்ல. காலை 8 என்றால் அப்போதுதான் கயிறு கட்டுவார்கள். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து, நீங்கள் வரிசையில் நின்று இறங்க இன்னும் நேரமாகும். மாலை 5-க்குக் கிளம்பும் என்றால் 4:30-க்கு, சில இடங்களில் 4 மணிக்கே, எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

படி 2: விழித்திருக்கும் மணிகளைப் பிரியுங்கள்

மொத்தப் பயண நேரத்திலிருந்து இரவுக்கு எட்டு மணி தூக்கத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் நேரம். அதில் கரையில் எவ்வளவு, கப்பலில் எவ்வளவு?

என் சிங்கப்பூர்ப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் பிற்பகல் 1 மணிக்கு ஏறி நான்காம் நாள் காலை 7-க்கு இறங்கினால் 66 மணி. தூக்கம் 24. மிச்சம் 42. போர்ட் கிளாங்கில் காலை 8 முதல் மாலை 5 வரை ஒன்பது மணி. ஒன்றரையைக் கழித்தால் ஏழரை. நகரத்துக்குப் போய்வர ஒன்றேகால், ஒன்றேகால் மணி. கையில் நிற்பது ஐந்து. 42-இல் ஐந்து மணி நேரத்துக்காகவா ஊர்ப்பட்டியல் போட்டோம்! மீதி 37 மணியில் பஸ்ஸில் போனது தவிர எல்லாம் கப்பலில்தான். அப்படியானால் அந்தப் பயணத்தில் பார்க்க வேண்டியது கப்பலைத்தான்: சாப்பாடு, குளம், மாலை நிகழ்ச்சிகள், குழந்தைகளுக்கான இடம்.

இப்போது கிரேக்கத் தீவுகள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கிளம்பும் ஏழு இரவுப் பயணம். மிக்கோனோஸ், ரோட்ஸ், சாண்டோரினி, கிரீட் தீவின் ஹெராக்லியோன், துருக்கிப் பக்கம் குசாதாசி போன்ற ஊர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஓரிரவுத் தூரம். தூங்கி எழுந்தால் அடுத்த ஊர். விழித்திருக்கும் நேரம் சுமார் 106 மணி. ஆறு துறைமுகங்களில் சராசரி பத்து மணி நேரம் நின்றால், கழித்தது போக 51 மணி கரையில். கிட்டத்தட்டப் பாதி. குசாதாசியிலிருந்து எஃபெசஸ் இடிபாடுகள் 20 கிலோமீட்டர்தான், அதனால் பஸ்ஸில் போகும் நேரமும் குறைவு. இங்கே கப்பல் உங்களுக்கு ஒரு கட்டில், ஒரு குளியலறை, காலை இட்லிக்குப் பதில் ஒரு ஆம்லெட். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ பயன்படுத்தப் போகும் குளத்துக்கு.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: கரை நேரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கப்பலைப் பார்த்துப் புக் செய்யுங்கள். பாதியை நெருங்கினால் ஊரைப் பாருங்கள். இந்தக் கணக்கின் கடைசி எல்லை குயின் மேரி 2 என்ற கப்பல். சவுதாம்ப்டனில் ஏறினால் ஏழாவது இரவு முடிந்து நியூயார்க்கில்தான் இறங்குவீர்கள். நடுவில் ஊரே கிடையாது. அதற்கும் ஆட்கள் ஆசையாகப் போகிறார்கள் என்பதைக் கப்பல் கட்சிக்காரர்கள் சார்பில் சொல்லிவைக்கிறேன்.

கணக்குக்குள் அடங்காத ஒரு வகையும் உண்டு. அலாஸ்காவில் க்ளேஸியர் பே என்ற பனியாற்று வளைகுடாவுக்குள் கப்பல் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்கச் சுற்றும், ஆனால் யாரும் இறங்க மாட்டார்கள். தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். பெரிய கப்பல் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. இது கடல் நாளா, ஊர் நாளா? நான் ஊர்க் கணக்கில்தான் எழுதுவேன். நார்வேயின் ஃபியோர்டுகளுக்குள், அதாவது செங்குத்தான மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நீர்வழிகளுக்குள், போகும் நேரமும் அப்படித்தான். இப்படிப்பட்ட பயணத்தில் மட்டும் பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் இல்லை.

படி 3: ஊர்ப் பெயருக்குப் பின்னால் இருக்கும் துறைமுகத்தைத் தேடுங்கள்

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய எழுத்தில் ஊர், சின்ன எழுத்தில் துறைமுகம். 'ரோம்' என்றால் சிவிட்டவெக்கியா, ரோமிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ. 'பாரிஸ்' என்று போட்டிருந்தால் லெ ஹாவ்ர். அங்கிருந்து பாரிஸ் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அதாவது சென்னைக்காரர்களுக்குத் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போவதைவிடத் தூரம். 'பாங்காக்' என்பது பெரும்பாலும் லேம் சபாங். 'ஹோ சி மின் நகரம்' என்றால் ஃபூ மி.

வெனிஸ் கதை தனி. 25,000 டன்னேஜுக்கு (டன்னேஜ் என்பது எடை அல்ல, உள்ளிடத்தின் அளவு) மேற்பட்ட கப்பல்கள் செயின்ட் மார்க் சதுக்கத்துக்கு முன்னால் ஜூடெக்கா கால்வாய் வழியே போவதை இத்தாலி 2021 ஆகஸ்ட் முதல் தடை செய்துவிட்டது. அதனால் இன்று 'வெனிஸ்' பயணம் பல சமயம் மார்கேரா தொழிற்பேட்டைப் பக்கமோ, இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ரவென்னாவிலோ, த்ரியெஸ்தேயிலோ தொடங்குகிறது. கப்பல் மேல்தட்டில் நின்று வெனிஸைப் பார்க்கும் பழைய படங்களை நம்பி யாரும் புக் செய்ய வேண்டாம்.

இன்னொன்று: நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வரும் கப்பல்கள் பல, கனடாவின் விக்டோரியாவில் சாயங்காலம் வந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்கும்போது நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட்டாக வேண்டும் என்பது 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அந்த நிறுத்தம் சட்டத்துக்காக, உங்களுக்காக அல்ல. கரைக் கணக்கில் அதைப் பாதியாகப் போடுங்கள்.

படி 4: கப்பல் கரையைத் தொடுமா?

அட்டவணையில் 'டெண்டர்' அல்லது 'ஆங்கர்ட்' என்று இருந்தால் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிடும். சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். சாண்டோரினி இதற்குப் பேர்போனது. படகில் இறங்கியதும் செங்குத்தான மலை. மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார் வரிசை, இல்லையென்றால் 580-க்கும் மேற்பட்ட படிகள். பந்திக்கு முந்துவதுபோல முதல் படகுக்கு முந்தினால்தான் பிழைத்தீர்கள். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் டெண்டர் துறைமுகங்களை எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் படகு விடமாட்டார்கள், அந்த ஊர் போச்சு.

அதே நாளில் வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதை க்ரூஸ்மேப்பர் போன்ற தளங்களில் தேதி போட்டுப் பார்க்கலாம். அலாஸ்காவின் ஜூனோவில் கூட்டம் தாங்காமல்தான் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு கட்டினார்கள்.

படி 5: அளவு

2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த ஸீஸ் சுமார் 2,48,000 டன்னேஜ். டைட்டானிக்கைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். நிறைந்தால் 7,600 பயணிகள். அப்படிப்பட்ட கப்பலே ஒரு ஊர்தான். ஆனால் அது எல்லாத் துறைமுகத்துக்குள்ளும் நுழையாது.

சில இடங்களில் கப்பலா, ஊரா என்ற கேள்விக்கே வேலையில்லை, ஊரே கப்பலைத் தீர்மானித்துவிடும். அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆட்களை இறக்கவே முடியாது. சிறு கப்பலிலும் ஒரே சமயத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். கலாபகோஸ் தீவுகளில் கப்பலுக்கே உச்சவரம்பு 100 பயணிகள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய கப்பலில் அண்டார்டிகா போனால் பெங்குவினைத் தொலைநோக்கியில்தான் பார்ப்பீர்கள்.

படி 6: ஒரு ஊரை அடித்துவிட்டுப் பாருங்கள்

அட்டவணையில் உங்களுக்கு மிகப் பிடித்த ஊரைப் பேனாவால் அடியுங்கள். இப்போதும் இந்தப் பயணத்துக்கு இதே பணம் கொடுப்பீர்களா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வானிலை, போர், அனுமதி என்று எந்தக் காரணத்துக்காகவும் துறைமுகத்தை மாற்ற கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் திரும்பக் கிடைப்பது துறைமுகக் கட்டணம் மட்டும்தான். நம் ஊரிலேயே நடந்தது: 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கிய க்ரூஸின் அட்டவணையில் விசாகப்பட்டினத்தோடு புதுச்சேரியும் இருந்தது. புதுச்சேரி அரசு அனுமதி தராததால் கப்பல் கரைக்கு வராமலே போனது. ஓராண்டு கழித்து அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. 1990-இல் கட்டிய கப்பல் அது, டைட்டானிக்கைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சறுக்குமரத்துக்காகப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். காங்கேசன்துறையில் கடல்வழி போய் இறங்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்தவருக்குக் கப்பலின் வயது ஒரு பொருட்டே இல்லை.

ஊரை அடித்த பிறகு மனசு விட்டுப்போகிறது என்றால், அந்த ஊருக்கு விமானத்தில் போங்கள். உண்மையாகவே சொல்கிறேன். ரோமுக்கு எட்டு மணி நேரம் போதாது.

படி 7: மிச்ச விஷயங்கள்

விலை இரண்டு பேர் ஒரு கேபின் என்ற கணக்கில் போட்டிருக்கும்; தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் காசு. டிப்ஸ் என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தனியாகப் பிடிக்கும் கப்பல்கள் நிறைய. குமட்டல் வருமோ என்று பயந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேபின் கேளுங்கள். சைவம் என்றால் புக் செய்யும்போதே எழுதிக் கொடுங்கள்.

விசாவில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். வேறு நாட்டைத் தொட்டுவிட்டு ஏறும் நாட்டுக்கே கப்பல் திரும்பி வந்தால் அந்த நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள், அதனால் பெரும்பாலும் பலமுறை நுழையும் விசா வேண்டும். வான்கூவரில் ஏறி அலாஸ்கா போனால் கனடா, அமெரிக்கா இரண்டும் தேவை. கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. நடுவழித் துறைமுகத்தில் நீங்களாகச் சுற்றப் போய்த் தாமதித்தாலும் அதே கதிதான். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பஸ் என்றால்தான் நிற்கும்.

எங்கள் வீட்டுத் தாள் இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. கிரேக்கத் தீவுகள், ஏழு இரவு, பழைய கப்பல், ஜன்னலில்லாத கேபின், கரையில் 51 மணி. சாண்டோரினியை அடித்துப் பார்த்தோம். பரவாயில்லை என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகே முன்பணம் கட்டினோம்.