அல்வாவை இரண்டிரண்டாக வெட்டும்போது

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் லேப்டாப்போடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன வாரம் கொடுத்த கணக்கு சின்னதுதான். ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துச் சரத்தை, இரண்டிரண்டு எழுத்தாகப் பிரிக்கணும். கடைசியில் ஒற்றை எழுத்து மிஞ்சினால் அதோடு ஒரு அடிக்கோடு (_) சேர்க்கணும். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் நாலு வரி. அதில்தான் எல்லோரும் சறுக்கினார்கள்.

ஒருவன் எண் போட்டு, இந்த இடத்து எழுத்து, அடுத்த இடத்து எழுத்து என்று எடுத்தான். நீளம் ஒற்றைப்படை என்றால் கடைசிச் சுற்றில் அடுத்த எழுத்தே கிடையாது, இன்டெக்ஸ் எரர் வந்து நிற்கும். ஸ்லைஸ் செய்தால், அதாவது இந்த இடம் முதல் அந்த இடம் வரை என்று வெட்டினால், பைத்தான் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். இன்னொருவன் எரருக்குப் பயந்து எல்லாச் சொல்லுக்கும் அடிக்கோட்டை ஒட்டினான். இரட்டைப்படைச் சொல்லுக்கும் வால் முளைத்தது. காலி ஸ்ட்ரிங் கொடுத்தால் என்ன வரும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. காலி லிஸ்ட் வரணும்.

சரி, ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் ஓடிவிட்டது. நம்ம ஊர்ச் சொல்லைக் கொடுத்துப் பார்ப்போம் என்று 'அல்வா' கொடுத்தேன். வந்தது இது:

['அல', '்வ', 'ா_']

புள்ளி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நமக்கு அ, ல், வா என்று 3 எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணாக வைக்கும் யூனிகோடில் 'ல்' என்பது ல, புள்ளி என இரண்டு குறியீடு, 'வா'வும் அப்படித்தான். ஆக மொத்தம் 5. 'திருநெல்வேலி' நமக்கு 6 எழுத்து, பைத்தானைக் கேட்டால் 12 என்று சொல்லும். தமிழ் வரும் இடத்தில் நேரடியாக வெட்டக்கூடாது. முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்து லிஸ்ட் ஆக்கிக்கொண்டு, அப்புறம் இரண்டிரண்டாக எடுக்கணும். அப்போதுதான் 'அல்', 'வா_' என்று ஒழுங்காக வரும்.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு பள்ளம் உண்டு. அங்கே ஸ்ட்ரிங்கை ஒரு குறியில் வெட்டும் ஸ்ப்ளிட் வாங்குவது ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளின் மாதிரியைச் சொல்லும் குறிப்பு. எஸ்கேப் செய்யாமல், அதாவது இது வெறும் புள்ளிதான் என்று குறிக்காமல், புள்ளியைக் கொடுத்தால் 'எந்த எழுத்தும்' என்று எடுத்துக்கொண்டு காலி அரேயைத் திருப்பித் தரும்.

அன்று ராத்திரி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அனுப்பினான். டியூப்லைட் வெளிச்சம் பட்டு பாதி வரி தெரியவில்லை. ஊர்ப் பெயர்களைக் கமாவில் வெட்டி லிஸ்ட் ஆக்கி, அதில் 'டவுன்' இருக்கிறதா என்று தேடியிருக்கிறான். "அண்ணே, 'டவுன்' லிஸ்ட்ல இருக்கு, ஆனா இல்லேங்குது."

"போட்டோ வேண்டாம்லே, புரோகிராமையே அனுப்பு."

அனுப்பினான். வரிக்கு முன்னால் விடும் இடைவெளி, அதான் இன்டென்ட், எல்லாம் போய், எல்லா வரியும் இடது ஓரத்தில் நின்றன. எந்த வரி திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள், எது வெளியே என்று யார் கண்டது? சில போன்கள் நேர் மேற்கோளை வளைத்தும் விடும்; அதை அப்படியே ஓட்டினால் சின்டாக்ஸ் எரர். இன்டென்டுக்கு டேப்பும் ஸ்பேஸும் கலக்காமல் நாலு ஸ்பேஸ் வைத்து, மேலும் கீழும் மூன்று பேக்டிக் (`) போட்டு அனுப்பச் சொன்னேன். கொடுத்த இன்புட்டையும், வந்த அவுட்புட்டையும் கூடவே கேட்டேன். லிஸ்டை லிஸ்டாகவே பிரின்ட் செய்யச் சொன்னேன், மேற்கோள் குறி தெரிந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

['ஜங்ஷன்', ' டவுன்', ' பேட்டை']

நான் பதில் தட்டுவதற்குள் அவனே எழுதிவிட்டான்: "அண்ணே, கிடைச்சிட்டு. கமாவுக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ்."