கருவி பார்ப்பது தன் தலைக்கு மேல் உள்ள வானத்தை மட்டுமே

மலேசியாவில் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் ட்ரோன் வைத்து மருந்து தெளிக்கிற தம்பிகள், சிப்பாங் விமான நிலையத்தின் வானிலை அறிக்கையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் படிப்பதில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

நேரம் எல்லாம் உலகப் பொது நேரம். 0830 இசட் என்றால் காலை எட்டரை இல்லை, நமக்கு மாலை நாலரை. எப்போதும் எட்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றில்தான் ஆபத்து அதிகம். 24008 கேடி என்று இருந்தால், காற்று 240 பாகையிலிருந்து, அதாவது மேற்கு, தென்மேற்குப் பக்கத்திலிருந்து வருகிறது. வேகம் 8 நாட், மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அந்தப் பக்கம் போகிறது என்று தலைகீழாக எடுத்துக்கொண்டால், மருந்து லயத்து வீடுகளின் மேல் போய் விழும். கொடியில் காயும் பிள்ளைகளின் துணியை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, மேகம். தானியங்கி வானிலை நிலையத்தின் மேகமானி லேசர் ஒளியை நேர் மேலே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து மேகத்தின் உயரத்தைக் கணக்கிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்கு மேலே இடிமேகம் கறுத்துக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. அறிக்கையை நம்பி, நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது பெரிய தவறு.

தோட்டத்தில் சொந்தமாக வானிலை நிலையம் வைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். காற்றுமானி திறந்த வெளியில், 10 மீட்டர் கம்பத்தில் இருக்க வேண்டும். அருகில் 12 மீட்டர் மரம் இருந்தால் குறைந்தது 120 மீட்டர் தள்ளி நடுங்கள். ஆபீஸ் கூரையில் மாட்டினால், கட்டடத்தில் மோதிச் சுழலும் காற்றைத்தான் அது அளக்கும்.

மழைமானியை மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை முற்றமெல்லாம் வெள்ளம், திரையில் மட்டும் சுழியம். திறந்து பார்த்தால் புனல் வாயில் செம்பனைச் சருகு, உள்ளே எறும்புக் கூடு. மழைநீர் நிரம்ப நிரம்ப ஏற்றம் போல இருபுறமும் சாயும் சின்னக் கிண்ணம் அசையவே இல்லை. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று ஒளியை வைத்து அளக்கும் பார்வைத் தூரமானிக்குச் சிலந்தி வலைதான் எதிரி: வலையில் ஒளி சிதறினால், பனிமூட்டம் என்று எண்ணிவிடும்.

வாரம் ஒருமுறை துடையுங்கள். அப்புறம், புனலின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், கிண்ணத்தின் ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் மழை என்றால், 100 மில்லிலிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி எண்ணுங்கள். 25 முறை சாய வேண்டும்.